விடுதிக்கு உண்டு, தாத்தா வீட்டுக்கு இல்லை: வெளிநாட்டுப் பணியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும்

அரசுப் பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியரின் பிள்ளை எங்கே படிப்பது? மூன்று வழிகள் உண்டு. பெற்றோருடன் போய் அந்த ஊர்ப் பள்ளியில் சேரலாம். சொந்த நாட்டிலேயே விடுதிப் பள்ளியில் தங்கலாம். தாத்தா பாட்டி வீட்டிலோ சித்தி, பெரியம்மா வீட்டிலோ இருந்துகொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம். முதல் இரண்டு வழிகளுக்கும் இந்திய அரசு ஏதோ ஓர் அளவில் பணம் தருகிறது. மூன்றாவது வழிக்கு விடுதி மானியம் கிடையாது. ஆனால் மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் தலைமுறைகளாக மத்திய அரசுப் பணியில் இருந்துவரும் குடும்பங்கள் பழகிப்போன வழி அதுதான். அரசு எந்தப் பிரிவுக்கு விலை போட்டது, எதைக் கணக்கில் கொள்ளாமல் விட்டது என்பதைப் பார்க்க, இந்தப் படிகள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கப்பலேறிய பிள்ளைகள்

இந்திய மண்ணில் இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர்கள் இந்தியர்கள் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களும், 1858-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் அதிகாரிகளும்தான் அன்றைய 'வெளிநாட்டுப் பணி' ஊழியர்கள். அடையாற்றின் கரையில் பிராடி கோட்டை போன்ற தோட்ட வீடுகளில் வாழ்ந்த அவர்களுக்குச் சென்னை பணியிடம் மட்டுமே. பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதானதும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. வெப்பமும் காய்ச்சலும் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் ஒரு காரணம். ஆயாக்களின் பேச்சும் பழக்கமும் ஒட்டிக்கொண்டால் பின்னாளில் ஆங்கிலேயக் கனவானாக நிமிர முடியாது என்ற இனப் பெருமை இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் முதலாவதைவிட வலுவானதாக இருந்திருக்க வேண்டும். மலைவாசஸ்தலங்களில் நல்ல பள்ளிகள் வந்த பிறகும் வசதியுள்ள அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

1811-இல் கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேயும், 1865-இல் பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங்கும் ஐந்து வயதில் இப்படி அனுப்பப்பட்டவர்கள். தாக்கரேயின் தந்தை கம்பெனி அதிகாரி. கிப்ளிங்கின் தந்தை பம்பாய்க் கலைப் பள்ளி ஆசிரியர். முன்பின் தெரியாத குடும்பத்தில் காசு கொடுத்து விடப்பட்ட குழந்தையின் துயரத்தைக் கிப்ளிங் பின்னாளில் கதையாகவே எழுதினார். அந்தப் பிரிவுக்கான செலவை அன்று குடும்பமே சுமந்தது. கப்பல் கட்டணம், இங்கிலாந்தில் தங்கும் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதிகாரியின் சம்பளத்திலிருந்தே போயின.

அரசு இந்தச் செலவில் கைகொடுக்க முன்வந்தது 1924-இல். லீ பிரபுவின் தலைமையிலான அரச ஆணையம், இந்தியாவின் உயர்மட்டப் பணிகளில் இருந்த ஐரோப்பியர்கள் வேலையை விட்டுப் போகாமலிருக்க என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தது. பணிக்காலம் முழுவதற்கும் அதிகாரிக்கும் மனைவிக்கும் நான்கு முறை போய்வரக் கப்பல் கட்டணம், பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒருவழிக் கட்டணம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒருவழி? பிள்ளை இங்கிலாந்துக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும் என்பதை ஆணையம் இயல்பாகவே எடுத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. குடும்பம் பிரிவதை அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்ட தொடக்ககால ஆவணங்களில் ஒன்று இது என்று சொல்லலாம்.

இந்தச் சலுகை ஆசியாவைத் தாயகமாகக் கொள்ளாதவர்களுக்கு மட்டுமே. அதே பதவியில் இருந்த இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி, சென்னையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி வேலை பார்த்தாலும், இதில் பங்கு பெற முடியவில்லை. அறிக்கை மத்திய சட்டசபைக்கு வந்தபோது மோதிலால் நேருவின் திருத்தம் நிறைவேறி, சபை அறிக்கையை ஏற்க மறுத்தது. ஆனாலும் சலுகைகள் நடைமுறைக்கு வந்தன.

சாதாரணச் சிப்பாயின் பிள்ளைக்கு இங்கிலாந்து எட்டாத தூரம். அவர்களுக்காகவும், ஆதரவற்ற ராணுவக் குழந்தைகளுக்காகவும் உதகமண்டலத்தில் 1858-இல் லாரன்ஸ் நினைவு இல்லம் தொடங்கப்பட்டது. பின்னர் லவ்டேலில் எழுந்த அதன் கட்டடத்தை வடிவமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டிய ராபர்ட் சிஷோம். அதிகாரியின் பிள்ளைக்குப் பயணச் சலுகையும் சிப்பாயின் பிள்ளைக்குத் தர்ம விடுதியும் என்று அன்றைய அரசு தரம் பிரித்திருந்தது. விடுதலைக்குப் பின் 1949-இல் அந்தப் பள்ளி இந்திய அரசின் கல்வி அமைச்சகத்திடம் வந்து, எல்லோரும் கட்டணம் கட்டிப் படிக்கும் பொதுப் பள்ளியாக மாறியது. தமிழ்நாட்டில் விடுதிப் பள்ளி என்றதும் பலருக்கு இன்று முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இடமாற்றம் என்ற அடிப்படை

இந்திய வெளியுறவுப் பணி 1946 அக்டோபர் 9-ஆம் தேதி உருவானது. அதில் சேர்ந்தவர்களின் சம்பளம், விடுப்பு, ஈட்டுப்படிகள் எல்லாவற்றையும் 1961-ஆம் ஆண்டின் தனி விதித்தொகுப்பு ஒழுங்குபடுத்துகிறது. தூதரகங்களுக்குச் செல்லும் பிற அமைச்சக ஊழியர்களுக்கும் நடைமுறையில் அதுவே வழிகாட்டி. அதன் அணுகுமுறை, பிள்ளை பெற்றோருடன் பணியிடத்தில் இருக்கும் என்பது. அதனால் அங்குள்ள பள்ளியின் கட்டணத்தை ஈடுசெய்வதுதான் முதன்மையான உதவி. பிள்ளையை இந்தியாவிலேயே விட்டு வந்தவர்களுக்கு, விடுமுறையில் அந்தப் பிள்ளை பெற்றோரிடம் வந்துபோகப் பயணச் செலவு உண்டு. லீ ஆணையத்தின் ஒருவழிச் சீட்டை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். பிள்ளை போய்ச் சேர வேண்டிய இடம் பெற்றோர் இருக்கும் இடம் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

உள்நாட்டில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்களுக்கான ஏற்பாடு வேறு. அதன் பழைய வடிவம் 1988-ஆம் ஆண்டின் கல்வி உதவி ஆணைகளில் இருக்கிறது. இடமாற்றத்தால் பிள்ளையைத் தன் பணியிடத்துக்கு வெளியே உள்ள உறைவிடப் பள்ளியின் விடுதியில் விட நேர்ந்த ஊழியருக்கே விடுதி மானியம் என்பது அதன் அடிப்படை. அரசு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தூக்கிப்போடுகிறது. அதனால் வரும் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்ற நியாயம் அதில் தெளிவாக இருந்தது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் 1997-இல் இந்த மானியம் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 300 ரூபாய். கல்விப் படி 100 ரூபாய்.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2008 செப்டம்பரில், பழைய படிகள் ஒன்றாக்கப்பட்டன. கல்விப் படி ஆண்டுக்கு 12,000 ரூபாய், விடுதி மானியம் மாதம் 3,000 ரூபாய் என உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதோடு ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது. அகவிலைப்படி ஒவ்வொரு முறை 50 விழுக்காட்டைத் தொடும்போதும் இந்த வரம்புகள் தாமாகவே 25 விழுக்காடு ஏறும். அதன்படி 2011-இல் விடுதி மானியம் 3,750 ஆனது, 2014-இல் 4,500. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2017 ஜூலை முதல் 6,750. அகவிலைப்படி மீண்டும் 50 விழுக்காட்டைத் தொட்டதால் 2024 ஜனவரி முதல் 8,437 ரூபாய் 50 காசு. கல்விப் படி 2,812 ரூபாய் 50 காசு. இரண்டையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,35,000 ரூபாய்.

இந்த எண்கள் வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஏழாவது குழு 4,500-ஐ ஒன்றரை மடங்காக்கி 6,750 என்றது. விலைவாசியோடு ஓரளவு இணைந்த படிகள் எல்லாவற்றுக்கும் அது பின்பற்றிய பொதுச் சூத்திரம் அது. விடுதிப் பள்ளிகள் உண்மையில் என்ன வாங்குகின்றன என்ற கேள்விக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. பழைய எண் புதிய எண்ணைப் பெறுகிறது; பள்ளியின் ரசீது வேறொரு பாதையில் ஏறிக்கொண்டே போகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் பல லட்சங்கள். அந்தச் செலவுக்கு முன்னால் 1,35,000 ரூபாய் சிறு தொகைதான். எளிய கட்டணத்தில் நடக்கும் அறக்கட்டளைப் பள்ளியின் விடுதி என்றால் அதே தொகை பெருமளவு கைகொடுக்கும். ஆக, மானியம் எந்த வகை விடுதியை நினைத்து வகுக்கப்பட்டது என்பது அதன் அளவிலேயே தெரிகிறது.

2008 மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. இடமாற்றம் கட்டாயம் என்ற நிபந்தனை போய்விட்டது. பின்னர் அதற்குப் பதில் தூரம் வந்தது: ஊழியரின் வீட்டிலிருந்து குறைந்தது 50 கிலோமீட்டர் தள்ளி உறைவிடப் பள்ளி இருக்க வேண்டும். அதனால் இடமாற்றமே இல்லாத சென்னை ஊழியர் ஒருவர், தம் பிள்ளையை ஏற்காட்டில் சேர்த்தாலும் மானியம் உண்டு. உதவி பலருக்குப் போய்ச் சேர்ந்தது நல்லதுதான். ஆனால் பணியின் பொருட்டுப் பிரிந்த குடும்பத்துக்கு ஈடு என்ற பழைய பொருள் அதில் கரைந்துவிட்டது. இன்றைய மானியம் எங்கே படுக்கிறது பிள்ளை என்று பார்க்கிறது. ஏன் பிரிந்தது என்று பார்ப்பதில்லை.

கிளெய்ம் போடும் முறை

பெசன்ட் நகர் ராஜாஜி பவன் போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் நிதியாண்டு முடிந்ததும் பில் பிரிவுக்கு வரும் தாள்களில் கல்விப் படி விண்ணப்பங்களும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறைதான் கிளெய்ம். 2018 ஜூலையில் வந்த ஒருங்கிணைந்த ஆணைக்குப் பின் நடைமுறை எளிதாகிவிட்டது. முன்பு சீருடை, நோட்டுப் புத்தகம், ஷூ என ஒவ்வொன்றுக்கும் ரசீது ஒட்டிய காலம் உண்டு. இப்போது, பிள்ளை அந்த ஆண்டு இந்தப் பள்ளியில் படித்தது என்று தலைமை ஆசிரியர் தரும் போனஃபைடு சான்றிதழ் போதும். கல்விப் படி முழுத் தொகையாகக் கிடைக்கும், செலவு எவ்வளவானாலும்.

விடுதி மானியத்துக்கு அந்தத் தாராளம் இல்லை. தங்குவதற்கும் உணவுக்கும் எவ்வளவு வாங்கப்பட்டது என்பதைச் சான்றிதழில் எழுதித்தர வேண்டும். அந்தத் தொகை, வரம்பு இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். மூத்த இரு பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டாவது பேறு இரட்டையரானால் விலக்கு உண்டு. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர்களானால் ஒருவர்தான் கேட்கலாம். மாற்றுத்திறன் பிள்ளைக்குக் கல்விப் படி இரு மடங்கு. ஊழியர் பணியிலிருக்கும்போதே இறந்துவிட்டால் உதவி உடனே நின்றுவிடாது. துணைவர் அரசுப் பணியிலோ பொதுத்துறையிலோ இல்லாதபட்சத்தில், இறந்தவர் உயிரோடிருந்தால் எதுவரை பெற்றிருப்பாரோ அதுவரை தொடரும். ஆணையின் மனிதாபிமானமான பகுதி இதுதான். பலருக்கு இப்படியொரு பிரிவு இருப்பதே தெரிவதில்லை.

வருமான வரி விதி இந்த விஷயத்தில் நெடுங்காலம் 1997-லேயே நின்றிருந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கல்விப் படியில் மாதம் 100 ரூபாய்க்கும் விடுதிப் படியில் மாதம் 300 ரூபாய்க்கும் பிள்ளை ஒன்றுக்கு விலக்கு அளித்தன. ஐந்தாவது ஊதியக் குழு காலத்துப் படிகளின் அதே தொகை. படி இருபத்தெட்டு மடங்கு உயர்ந்த பின்னும் விலக்கு அசையவில்லை. 2024-இன் கணக்குப்படி விடுதி மானியத்தை முழுமையாகப் பெறும் ஊழியருக்கு ஆண்டில் 1,01,250 ரூபாய் வந்தது. அதில் பழைய வரி முறைப்படி 3,600 ரூபாய்க்கு மட்டும் விலக்கு. மீதி 97,650 சம்பளத்தோடு சேர்ந்தது. அவர் 20 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் 19,530 ரூபாய் வரியாகவே போய்விட்டது. கூடுதல் வரி தனி. ஒரு கை கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கை இன்னொரு கை வாங்கிக்கொண்டதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. படியை அகவிலையோடு இணைக்கத் தெரிந்த அரசுக்கு விலக்கையும் இணைக்கத் தெரியாமல் இருந்திருக்காது.

பள்ளியில்லாத பணியிடங்கள்

பெற்றோருடனேயே பிள்ளை இருக்கட்டும் என்ற வெளியுறவுப் பணியின் அணுகுமுறை, பள்ளி உள்ள ஊரில்தான் பலிக்கும். வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நிறைய. மஸ்கட்டிலோ ஜெட்டாவிலோ பணிக்குப் போகும் ஊழியரின் பிள்ளை, சென்னையில் விட்ட பாடத்தை அங்கே தொடர முடிகிறது. மாஸ்கோ, காத்மாண்டு, தெஹ்ரான் ஆகிய மூன்று ஊர்களில் கேந்திரிய வித்யாலயமே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் தலைநகரங்களிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நிலைமை அப்படியல்ல. அங்கே கட்டணம் மிக அதிகமான சர்வதேசப் பள்ளி ஒன்றிரண்டுதான் வழி. மூன்றாண்டு கழித்துத் திரும்பும்போது அந்தப் பாடத்திட்டத்திலிருந்து இந்தியத் தேர்வு முறைக்கு மாற வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பை ஒரு கண்டத்திலும் பத்தாம் வகுப்பை இன்னொரு கண்டத்திலும் படிக்க நேர்வதுதான் பெற்றோர்கள் அதிகம் அஞ்சுவது.

பணியிடங்களை வாழ்க்கைச் சிரமத்தைப் பொறுத்து ஏ நட்சத்திரம் தொடங்கி சி நட்சத்திரம் வரை வெளியுறவு அமைச்சகம் வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கும் அப்பால் குடும்பத்தை அழைத்துப் போகவே கூடாத இடங்கள் உண்டு; போர்க்காலக் காபூலும் பாக்தாதும் அப்படி இருந்தவை. பள்ளியை மட்டும் காரணமாக வைத்து ஒரு தலைநகரம் பட்டியல் மாறிய நிகழ்வும் இருக்கிறது. 2014 டிசம்பரில் பெஷாவரில் ராணுவப் பள்ளி மீது நடந்த தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதன் பின் பாதுகாப்பு நிலையை ஆராய்ந்து, இஸ்லாமாபாத் தூதரக ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளைப் பாகிஸ்தானுக்கு வெளியே படிக்க வைக்க வேண்டும் என்று இந்தியா முடிவெடுத்தது. 2016 ஜூலையில் அது வெளியே தெரியவந்தது. குடும்பம் இருக்கலாம், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கக் கூடாது என்ற நிலை. இப்படி ஓர் ஆணை வந்ததும் ஒரு கல்வியாண்டின் நடுவில் பிள்ளைக்கு இடம் தேட வேண்டியவர் பெற்றோர்தான். தாய் பிள்ளையோடு ஊர் திரும்புவது, விடுதி, தாத்தா வீடு: இந்த மூன்றில் ஒன்றை சில வாரங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். தாய் திரும்பினால் பெரும்பாலும் அவருடைய வேலையும் சேர்ந்து போகிறது.

பிற அரசுகள்

பிரிட்டனில் இன்றும் இந்தப் படி பெரிய அளவில் இருக்கிறது. ராணுவத்தினருக்கும் வெளியுறவுப் பணியாளர்களுக்கும் 'கல்வித் தொடர்ச்சிப் படி' என்ற பெயரில் வழங்கப்படுகிறது. ராணுவத்தினரின் பிள்ளைக்கு எட்டு வயது முதல் விடுதிப் பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. பெற்றோர் குறைந்தது 10 விழுக்காடாவது கட்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வந்தபோது, படியின் அளவும் அதற்கேற்ப உயர்த்தப்பட்டது. வரி போட்டதும் அரசு, அதை ஈடுகட்டியதும் அரசு. வரிப்பணத்தில் பணக்காரப் பள்ளிகள் வாழ்கின்றன என்று அங்கே கடுமையான விமர்சனம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அதேநேரம், இரண்டு ஆண்டுக்கொருமுறை முகாம் மாறும் சார்ஜென்டின் மகளுக்கு வேறு வழி என்ன என்ற கேள்விக்கும் விமர்சகர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்க முறை இன்னும் நுணுக்கமானது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனித்தனிக் கல்விப் படி வகுக்கப்படுகிறது. அங்கே தகுதியான பள்ளி இருந்தால் அந்தப் பள்ளிக் கட்டணம்; இல்லாவிட்டால் வெளியூர் விடுதிப் பள்ளிக்கான தொகை, பயணச் செலவு உட்பட. இதன் ஒரு முனையைத் தென்சென்னையிலேயே காணலாம். அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு வருபவர்களின் பிள்ளைகள் சேரக்கூடிய அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1995-இல் தொடங்கி இன்று தரமணியில் நடக்கிறது. அது வருவதற்கு முன் அமெரிக்கப் பிள்ளைகளின் தென்னிந்திய முகவரி, மிஷனரிகள் 1901-இல் கொடைக்கானலில் தொடங்கிய விடுதிப் பள்ளி. பணியிடத்துக்குப் பணியிடம் உண்மை நிலவரத்தைப் பார்த்துத் தொகை வைக்கும் இந்த முறையிலிருந்து இந்தியா கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு என்பது நிர்வாகத்துக்கு வசதி. உதகைக்கும் உடுமலைக்கும் அது ஒன்றாகாது.

மாட வீதி வழி

மயிலாப்பூரிலேயே உறைவிடப் பள்ளி உண்டு. 1905-இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் முயற்சியில் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், ஏழைச் சிறுவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் இலவசமாக இடமும் உணவும் கல்வியும் தந்துவருகிறது. அந்த வட்டாரத்தில் விடுதி என்ற சொல்லோடு சேர்ந்து வந்தது சேவை, அந்தஸ்து அல்ல. தில்லிக்கோ வெளிநாட்டுக்கோ மாற்றலாகிப் போகும் அரசு ஊழியர் தம் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டால், "வீட்டில் பெரியவர்கள் இல்லையா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். பிள்ளை கச்சேரி ரோட்டுத் தாத்தா வீட்டில் தங்கும்; பி.எஸ். பள்ளிக்கோ, மயிலாப்பூர் மகளிர் மன்றம் 1956-இல் தொடங்கிய வித்யா மந்திருக்கோ, பெண்ணானால் லேடி சிவசாமி ஐயர் பள்ளிக்கோ போகும்.

யாழ்ப்பாணத்திலும் இதற்கு இணையான பழக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகச் சேர்ந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர், பிள்ளைகளை ஊரில் பாட்டன் வீட்டிலோ கல்லூரி விடுதியிலோ விட்டு வைத்தார்கள். ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பும்போது பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

தாத்தா வீட்டுக்குச் செலவில்லை என்று நினைப்பது தவறு. பள்ளி ஆட்டோவுக்கு மாதக் கட்டணம், கணக்கு டியூஷன், கூடுதல் அறையுள்ள வீட்டுக்கான வாடகை, பல் டாக்டர், கண்ணாடி. இவற்றோடு பணத்தில் அடங்காதவை: ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து, பெற்றோர் கூட்டத்தில் மாடி ஏறிப் போய் உட்காருவது, டெங்குக் காய்ச்சல் இரவுகள். எழுபது வயதில் பதின்மூன்று வயதுப் பையனின் செல்போனைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு எளிதல்ல. பிள்ளையை விடுதியில் சேர்த்தாலும்கூடப் பெரியவர்களின் உழைப்பு ஓய்வதில்லை. பல விடுதிப் பள்ளிகள் உள்ளூர்க் காப்பாளர் ஒருவரின் பெயரைக் கேட்கின்றன. குறுகிய விடுமுறைக்கு அழைத்துப்போக, உடல்நலமில்லாதபோது ஓடிவர. அந்த 'லோக்கல் கார்டியன்' கட்டத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் இந்தத் தாத்தாவின் பெயர்தான்.

விடுதி மானியம் உறைவிடக் கல்வி நிறுவனத்துக்கு மட்டும் என்பதற்கு நிர்வாகம் சொல்லக்கூடிய காரணம் தணிக்கை. விடுதி ரசீது தரும், பாட்டி தரமாட்டார். போலிக் கோரிக்கைகள் பெருகும் என்பார்கள். ஆனால் கல்விப் படிக்கே ரசீது தேவையில்லை, பள்ளியின் ஒரு சான்றிதழ் போதும் என்று 2018-இல் அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊழியர் வெளிநாட்டில் இருப்பது அவருடைய பணி ஆணையிலேயே இருக்கிறது. பிள்ளை சென்னையில் படிப்பது பள்ளியின் சான்றிதழில் இருக்கிறது. இந்த இரண்டு தாள்களை வைத்து, விடுதி மானியத்தில் பாதியளவு தொகையையாவது காப்பாளர் படியாக வழங்குவதில் மோசடிக்கு இடம் மிகக் குறைவு. வெளிநாட்டுப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் செலவும் கைமீறாது.

பள்ளி, சான்றிதழ், மொழி

பிரிவே வேண்டாம் என்று அரசு எடுத்த முயற்சி கேந்திரிய வித்யாலயம். ஊழியர் எங்கே மாறினாலும் அதே பாடம், அதே பயிற்றுமொழி இருக்க வேண்டும் என்று இரண்டாவது ஊதியக் குழு சொன்னதிலிருந்து பிறந்து, 1963-இல் ராணுவத்தின் படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதோடு தொடங்கியது. தென்சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அடையாறு சி.எல்.ஆர்.ஐ.யிலும் இந்தப் பள்ளிகள் உண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை இடமாற்றம் என்று எண்ணியே முன்னுரிமை தருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பத்துக்கு இது உண்மையான கதவு.

தமிழ்நாட்டில் படிப்பைத் தொடர்வதற்குப் பெற்றோர் இவ்வளவு ஆசைப்படுவதற்கு இன்னொரு காரணம் கல்லூரிச் சேர்க்கை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. வெளியே படித்த தமிழர் காட்ட வேண்டும். அதற்காகத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்குவதற்கு, வெளிநாட்டில் இருக்கும் தந்தையால் முடியாது. அந்த அலைச்சலும் தாத்தாவின் தலையில்தான் விழும். மொழியும் இதில் அடக்கம். மூன்று நாடுகளில் ஆரம்பக் கல்வி கற்ற பிள்ளைக்குத் தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டும் நின்றுவிடுகிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்பிக்கும் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கிய பின், எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சிரமம் வருவதில்லை.

பிரிவு பிள்ளையின் மனத்தில் என்ன செய்கிறது என்பதற்கு இரு திசைகளிலும் ஆய்வுகள் உண்டு. 1950-களில் இந்தியாவில் இருந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் யூசீமும் ஜான் யூசீமும், பெற்றோரின் நாட்டுக்கும் பணியிட நாட்டுக்கும் இடையில் வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று அடையாளம் கண்டார்கள். பெற்றோரோடு போவதிலும் வேரறுதல் இருக்கிறது என்பது அதிலிருந்து கிளைத்த ஆய்வுகளின் முக்கியமான செய்தி. சிறு வயதிலேயே விடுதிக்குப் போனவர்கள் வளர்ந்த பின்னும் சுமக்கும் காயத்தைப் பற்றி பிரிட்டிஷ் உளவியல் சிகிச்சையாளர் ஜாய் ஷாவெரியன் 2015-இல் நூலாகவே எழுதினார். இரண்டுக்கும் நடுவில் உள்ள உறவினர் வீடு, ஆய்வாளர்களின் கவனத்தை அந்த அளவுக்குப் பெறவில்லை.

கல்விப் படியும் விடுதி மானியமும் பன்னிரண்டாம் வகுப்போடு முடிகின்றன. பொதுவான வயது வரம்பு 20, மாற்றுத்திறன் பிள்ளைக்கு 22. ஊழியரின் வெளிநாட்டுப் பணி அந்த வகுப்போடு முடிவதில்லை. கல்லூரி விடுதியின் செலவை, பெற்றோர் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், குடும்பமே முழுமையாக ஏற்க வேண்டியிருக்கிறது.